ஷெத்லியாவின் வீட்டுக்கு வந்த கடல்

1989 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கடல் ஷெத்லியாவின் வீட்டுக்குள் ஏறி, முழங்கால் அளவு நின்று, பிற்பகலில் இறங்கிப் போனது. இடதுபக்க வீட்டுக் கொடியில் அன்று துணி காய்ந்துகொண்டிருந்தது. வலதுபக்க வீட்டில் தஹ்பியா தரையில் காயப் போட்டிருந்த கோதுமைக் குஸ்குஸ் மணிகளில் ஒரு துளி ஈரம் படவில்லை. கடற்கரையிலிருந்து அந்த வீட்டுக்கு எழுநூறு அடி தூரம் இருக்கும், அதுவும் மேட்டில். தண்ணீர் கதவு வழியாக வரவில்லை. தரை ஓடுகளின் இடுக்கிலிருந்து சத்தமில்லாமல் ஊறி எழும்பி, வாசற்படி வரை வந்து நின்றது. கதவு அகலத் திறந்து கிடந்தும் தெருவில் ஒரு சொட்டு இறங்கவில்லை. பன்னிரண்டரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை வந்தது. மறுநாள் ஐம்பது நிமிடம் பிந்தி வந்தது. நிலவு தேய்ந்து பாதியானபோது கணுக்கால் வரைதான் வந்தது, நிலவு முழுசானபோது கட்டிலைத் தொட்டது. காபெஸ் வளைகுடாவில் பிறந்த எவருக்கும் இது புதிய கணக்கல்ல, இடம்தான் புதிது. இரண்டு வாரத்தில் மலூஹா ஊர் அதைப் பழகிக்கொண்டு, வெங்காயம் கிடைக்காததைப் பற்றிப் பேசப் போய்விட்டது.

கடல் அப்படி வந்ததற்கு முந்தின நாள்தான் சேற்றுவெளியை அடைத்திருந்தார்கள். மலூஹாவின் தெற்கே, மணல்மேடுகளுக்கு அந்தப்பக்கம், தண்ணீர் வற்றும்போது மூன்று கிலோமீட்டருக்குச் சாம்பல் நிறத்தில் விரியும் வெளி அது. பெண்கள் தலைத்துணிக்கு மேல் வைக்கோல் தொப்பி வைத்து, முதுகை வளைத்து, சின்ன அரிவாளால் சேற்றைக் கீறி மட்டிச் சிப்பி எடுப்பார்கள். ஓரத்தில் உமரிச் செடி சிவக்கும், நடுவில் கடற்புல் படுத்துக் கிடக்கும், குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பூநாரைகளும் உள்ளான்களும் பெண்களோடு போட்டி போட்டுக்கொண்டு அதே சேற்றைக் கிளறும். அங்கே விடுதி கட்டப் போவதாகச் சொல்லி வந்த ஒரு கம்பெனி, வெளியின் வாயில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பியது. கடைசி லாரி மண்ணைக் கவிழ்த்தபோது பெண்கள் கூடி நின்று ஓட்டுநரின் ஏழு தலைமுறையையும் திட்டினார்கள். ஷெத்லியா மட்டும் திட்டவில்லை. கரையின் வெளிப்பக்கம் இறங்கிப் போய், அங்கே முட்டிக்கொண்டிருந்த தண்ணீரிடம் குனிந்து என்னவோ சொல்லிவிட்டு வந்தாள். விடுதி எழும்பவேயில்லை. நான்கு தூண்கள் நின்றன, கம்பெனி போய்விட்டது, கரை இருந்தது.

ஷெத்லியாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அகன்ற தோள், கட்டைக் குரல், சேற்றில் ஒரு நாளும் வழுக்கி விழாத கால். பிள்ளைகள் இல்லை. கணவன் லஸ்ஹர் மலூஹாவுக்கும் காபெஸ் நகரத்துக்கும் இடையே ஓடும் பேருந்தை ஓட்டினான். நல்ல மனிதன், ஆனால் ஈரம் ஆகாது. மழைநாளில் கூட ஜன்னலைச் சாத்திக்கொண்டு புழுங்கியே ஓட்டுவான். முதல் மாதம் அவன் கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கினான். இரண்டாம் மாதம் கொத்தனாரைக் கூட்டிவந்து தரை ஓடுகளின் இடுக்குகளுக்குச் சிமெண்ட் பூசினான், கடல் சிமெண்ட் வழியாகவும் வந்தது. மூன்றாம் மாதம் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு நண்டு நிதானமாக இறங்கிப் போனது, பயணிகள் எல்லோரும் பார்த்தார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"உண்மையைச் சொல்லு. அன்னிக்கு அதுகிட்ட என்ன சொன்ன?"

ஷெத்லியா முழங்கால் தண்ணீரில் நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "போக்கிடம் இல்லைன்னா நம்ம வீட்டுக்கு வான்னு சொன்னேன்."

"நம்ம வீட்டுக்கா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க காபெஸ்ல இருந்தீங்க. அது முன்னாடி நின்னுது. மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிக் கூப்பிடாம வர்றது?"

"சரி, கூப்பிட்ட. மூணு மாசம் தங்கியாச்சு. இப்ப போன்னு சொல்லு."

"வந்தவங்களைப் போன்னு சொல்லுற வீட்டுலயா என்னைக் கட்டிக் குடுத்தாங்க?"

லஸ்ஹர் மேஜையிலிருந்து இறங்கினான். பெட்டியைக் கட்டிக்கொண்டு காபெஸில் தங்கை வீட்டு மாடிக்குப் போய்விட்டான். தலாக் என்ற பேச்சை இருவரில் யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ரொட்டியும் எண்ணெயும் வாங்கி வந்து, வாசற்படிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து மனைவியோடு பேசுவான். அவள் உள்ளே தண்ணீரில் நிற்பாள், இருவருக்கும் இடையில் படி இருக்கும். அப்படி ஏழு வருடம் போனது.

அந்த ஏழு வருடத்தில் அடைபட்ட வெளி வெடித்து உப்பாகிப் பறந்தது. காற்றடித்தால் ஊரில் சோறு கரித்தது. பூநாரைகள் ஒரு குளிர்காலம் வந்து வட்டமடித்துப் பார்த்துவிட்டுப் போயின, மறுவருடம் வரவில்லை. மட்டியெடுத்த பெண்கள் ஆலிவ் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். ஆனால் ஷெத்லியாவின் வீட்டில் ஒவ்வொன்றாக வந்து குடியேறிக்கொண்டிருந்தன. முதலில் மெல்லிய சேறு படிந்து தரை மறைந்தது. பிறகு அடுப்படியில் மட்டிகள் இரண்டிரண்டு துளையாகக் கண் திறந்தன. படுக்கையறையில் கடற்புல் முளைத்து ஏற்றத்தில் நிமிர்ந்தும் வற்றத்தில் சாய்ந்தும் கிடந்தது. முற்றத்து ஓரம் உமரி பிடித்தது. கணவாய் மீன் ஒன்று தையல் இயந்திரத்தின் சக்கரத்தில் கறுப்புத் திராட்சை போல முட்டையிட்டு வைத்தது, அவை பொரியும் வரை ஷெத்லியா கிழிந்ததை உடுத்தினாள். உளுவை மீன்கள் தேநீர்க் கோப்பையில் குடும்பம் நடத்தின. ஜன்னல் வழியாக உள்ளான்கள் வந்து இரை பொறுக்கிவிட்டு அதே வழியில் போயின. அவள் ஆலிவ் பறிக்கப் போய்வந்து, வாசலில் காலைக் கழுவாமல் உள்ளே இறங்குவாள். எதன் மேலும் கால் வைக்காமல் அடுப்புக்கும் கட்டிலுக்கும் போகிற வழி அவளுக்கு இருட்டிலும் தெரிந்தது.

வறட்சி வந்த வருடம் ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து மீன் வியாபாரி ஒருவன் வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். வளைகுடாவில் அப்போது மட்டியே இல்லை. வீட்டை மட்டியோடு சேர்த்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். ஷெத்லியா அவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தாள். அன்றே தஹ்பியா வந்து சண்டை பிடித்தாள். தஹ்பியா ஒல்லி, வாய் நீளம், ஐந்து பிள்ளைகள், வேலையில்லாத புருஷன்.

"கடலையே வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு நாங்க பட்டினி கிடக்கிறதை வேடிக்கை பார்க்கிறியா? ஒரு கூடை குடுத்தா உன் சீமாட்டித்தனம் குறைஞ்சிடுமா?"

"மாவு கேளு, தர்றேன். எண்ணெய் கேளு, தர்றேன். இதைக் கேக்காத. இதுங்க இந்த ஊர்ல மிச்சம் இருக்கிற விதை, தஹ்பியா."

"விதையாம்! உன் வீட்டுல தானா விளையுது, எங்க வீட்டுல வயிறு தானா காயுது."

அடுத்த வாரம் ஷெத்லியா தோட்டத்துக்குப் போயிருந்தபோது தஹ்பியா புகுந்து பாவாடை நிறைய மட்டி அள்ளிக்கொண்டு போனாள். பானையில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். காலையிலிருந்து மாலைவரை விறகு எரிந்தது, பானை சூடாகவில்லை. வற்ற நேரத்தில் பானைத் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கியது, ஏற்ற நேரத்தில் விளிம்புக்கு வந்தது. மட்டிகள் சௌகரியமாக வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்த்தன. ஒரு கட்டு விறகு தீர்ந்ததும் தஹ்பியா பானையை அப்படியே தூக்கிக்கொண்டு ஷெத்லியாவின் வாசலுக்கு வந்தாள்.

"இந்தா. உன் மட்டி வேக மாட்டேங்குது."

ஷெத்லியா பானையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "உப்பு போட்டியா?"

தஹ்பியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை வந்தது. அன்றிலிருந்து ஷெத்லியா தன் கூலியில் பாதியை அந்த வீட்டுக்குக் கொடுத்தாள். தஹ்பியா அதைக் கடன் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. ஷெத்லியா இல்லாத நேரத்தில் வாசலில் உட்கார்ந்து காவல் காத்தாள். பூனைகள் அவளுக்குப் பயந்து தெருவையே விட்டுப் போயின.

1996-இல் அந்த வெளியை வேறொருவர் வாங்கினார். மண்ணால் முழுக்க நிரப்பிக் கிடங்குகள் கட்டப் போவதாகச் செய்தி வந்தது. கரையோரங்களைப் பார்த்துக் குறிப்பெழுத அரசாங்கம் அனுப்பிய ஹெந்தா என்ற பெண் அந்த மாதம்தான் மலூஹாவுக்கு வந்தாள். முப்பது வயது, தடித்த கண்ணாடி, பறவை பார்க்கும் குழல் கழுத்தில். இரண்டு நாள் வெளியில் அலைந்தாள். உப்பும் ஒரு செத்த நண்டின் ஓடும்தான் கிடைத்தன. இந்த இடத்துக்கு இனி உயிர் இல்லை என்று எழுதிவிட்டு, தண்ணீர் குடிக்க வழியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. முற்றத்தில் ஒரு கரண்டிவாயன் பறவை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது. ஹெந்தா எழுதிய தாளைக் கிழித்துப் போட்டு, அந்த வீட்டில் பதினோரு நாள் தங்கினாள். ஏற்றம் வரும்போது அலமாரி மேல் ஏறி உட்கார்ந்து எழுதினாள். செடி, புழு, மீன், நண்டு, சிப்பி, பறவை என்று நூற்று இருபத்தேழு வகை வந்தன. இடத்தின் வகை என்ற கட்டத்தில் சேற்றுவெளி என்றும், பரப்பளவு என்ற கட்டத்தில் தொண்ணூற்று இரண்டு சதுர மீட்டர் என்றும், நுழைவழி என்ற கட்டத்தில் நீலக் கதவு என்றும் நிரப்பினாள்.

கரையைத் திறந்துவிடக் கோரி அந்தத் தாளை வைத்துத்தான் வழக்கு நடந்தது. வாங்கியவரின் வக்கீல் சொன்னது ஒன்றே ஒன்று: வெளி செத்துவிட்டது, செத்த நிலத்தை யாரும் காப்பாற்ற முடியாது, திறந்து விட்டாலும் திரும்பி வர அங்கே எதுவும் மிச்சமில்லை. ஹெந்தா மிச்சமிருக்கிறது என்றாள். எங்கே என்று கேட்டபோது வீட்டு எண் சொன்னாள். நீதிபதி நூரி ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்த மனிதர், மூட்டுவலிக்காரர், அதிகம் பேசாதவர். நேரில் பார்க்கிறேன் என்று சொல்லி, டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை வற்ற நேரத்தில் வந்து சேர்ந்தார். ஊரே தெருவில் கூடி நின்றது. லஸ்ஹர் பேருந்தை நிறுத்திவிட்டு, பயணிகளோடு சேர்ந்து வந்து நின்றான்.

வக்கீல் ஈரச் சேற்றைப் பார்த்துவிட்டு, "குழாய் உடைஞ்சு கசியுது, ஐயா. வேற ஒண்ணும் இல்லை" என்றார்.

தஹ்பியா கூட்டத்திலிருந்து, "ஆமாங்கய்யா, எங்க ஊர்க் குழாய்ல கரண்டிவாயன் வரும். உங்க ஊர்க் குழாய்ல என்ன வரும், வக்கீலா?" என்று கத்தினாள். நீதிபதி திரும்பிப் பார்த்தார். அவள் தலைத்துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

பதினொன்றே கால் மணிக்கு ஏற்றம் தொடங்கியது. நூரி கட்டிலில் காலை மடித்து உட்கார்ந்தார். வக்கீல் நாற்காலியில் ஏறி நின்றார். தண்ணீர் எழும்ப எழும்ப, படுத்திருந்த கடற்புல் எழுந்து ஒரே பக்கமாக அசைந்தது. மட்டிகள் மூச்சுவிட, தரை முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. கடற்குதிரை ஒன்று நீந்தி வந்து, நீதிபதியின் கையிலிருந்து தண்ணீரில் தொங்கிய பேனாக் கயிற்றில் வாலைச் சுற்றிக்கொண்டது. அவர் கையை அசைக்கவில்லை. மற்றொரு கையின் விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இறங்கிப் போக முடியாத அளவுக்குத் தண்ணீர் நின்றதால், மதியச் சாப்பாட்டை ஷெத்லியா அங்கேயே கொடுக்க வேண்டியதாயிற்று. தட்டில் குஸ்குஸும் பூசணியும் கொண்டைக்கடலையும் இருந்தன.

"மட்டி போடலியாம்மா?" என்றார் நீதிபதி. "கால்மாட்டிலேயே இவ்வளவு கிடக்கே."

"ஏழு வருஷமா ஒண்ணுகூட எடுத்ததில்லைங்க."

"பிடிக்காதா?"

"உயிருங்க அது எனக்கு. எடுக்கிறப்பவே ரெண்டு பச்சையாத் தின்னாத்தான் எனக்கு வேலை ஓடும். ஆனா இதுங்க வீட்டுக்கு வந்தவங்களோட பிள்ளைங்க. அவங்க போறப்ப எண்ணிப் பார்த்துக் கூட்டிட்டுப் போவாங்க இல்ல?"

நீதிபதி தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு நனையாத தாள் ஒன்று கேட்டு வாங்கி, அந்தக் கட்டிலிலேயே தீர்ப்பின் முதல் வரியை எழுதினார். அந்த வரி பிற்பாடு ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆயிற்று: இந்த நிலம் சாகவில்லை, அது ஒரு பெண்மணியின் வீட்டில் தங்கியிருக்கிறது.

தீர்ப்பின்படி மார்ச் மாதம், வருடத்தின் பெரிய ஏற்றத்தன்று கரையை வெட்டினார்கள். இயந்திரம் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. பெண்கள் காத்திருக்கவில்லை, மட்டி எடுக்கும் அரிவாள்களாலேயே முதல் கால்வாயைக் கீறிவிட்டார்கள். தண்ணீர் அந்தக் கீறலில் விரல் அளவு நுழைந்து, கை அளவாகி, இயந்திரம் வந்து சேர்ந்தபோது ஒரு படகு அளவுக்கு வாயைத் திறந்திருந்தது. அங்கிருந்து ஷெத்லியாவின் வீடு வரை ஊர் வரிசையாக நின்றது. குஸ்குஸ் பானையிலும், துணி அலசும் தொட்டியிலும், தொட்டிலிலும், கல்யாணத் தாம்பாளத்திலும் ஒவ்வொன்றாகக் கை மாறிப் போயின: வேரோடு பெயர்த்த கடற்புல், சேற்றுக் கட்டியோடு உமரி, மட்டி, உளுவை, நண்டு. கரண்டிவாயன் வரிசைக்குப் பக்கத்தில் நடந்தே போனது. கடைசிப் பானையை ஷெத்லியா தானே சுமந்தாள். வெளியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, பானையைச் சாய்த்துவிட்டு, குனிந்து மறுபடியும் என்னவோ சொன்னாள். இந்த முறை என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் திரும்பி வேறு பக்கம் பார்த்தார்கள்.

அன்று வீட்டில் ஏற்றம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சேறு காய்ந்து பாளமாக வந்தது, பெருக்கினால் அடியில் பழைய ஓடுகள் அதே நீலப்பூவோடு கிடந்தன. லஸ்ஹர் பெட்டியோடு வந்து, வாசற்படியைத் தாண்டி, ஏழு வருடத்துக்குப் பிறகு தன் வீட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தான். இருவருக்கும் கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது. உள்ளே பேசினால் குரல் எதிரொலித்தது.

வெளி தேறியதை எழுதினால் பக்கம் போதாது. இரண்டாம் வருடம் உமரி ஓரமெல்லாம் சிவந்தது. மூன்றாம் வருடம் மட்டி. நான்காம் வருடக் குளிர்காலத்தில் ஒரு காலைப் பொழுது தஹ்பியா தெருவில் ஓடிவந்து, "வந்துட்டாளுங்க! வந்துட்டாளுங்க!" என்று கத்தினாள். ஊர் போய்ப் பார்த்தபோது நானூறு பூநாரைகள் எங்கேயும் போகாதவை போல நின்றுகொண்டிருந்தன. அதற்கு அடுத்த வருடம் மணல்மேடுகளையும் வெளியையும் கடற்புல் தரையையும் சேர்த்து அரசாங்கம் காப்புப் பூங்காவாக அறிவித்தது. ஹெந்தா அதற்குப் பொறுப்பாளராகி மலூஹாவிலேயே வீடு பார்த்துக்கொண்டாள். ஷெத்லியா காவலர் ஆனாள். சுற்றிக் கட்டிய நீளத் துணிக்கு மேல் காக்கிச் சட்டை போட்டு, வைக்கோல் தொப்பியோடு வெளியைச் சுற்றி வருவாள். எந்த மாதம் எந்த இடத்தில் எவ்வளவு மட்டி எடுக்கலாம் என்பதை அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வேட்டைத் துப்பாக்கியோடு வந்த பெரிய இடத்துப் பையன்கள் மூன்று பேரை இடுப்பளவு சேற்றில் நிற்கவைத்து, ஏற்றம் நெஞ்சுக்கு வரும்வரை அறிவுரை சொல்லி அனுப்பினாள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் அவளிடம் குறிப்பெடுத்தார்கள். அவள் முன்னால் நடக்க அவர்கள் அவள் கால்தடத்தில் கால் வைத்துப் பின்னால் போனார்கள்.

2003 செப்டம்பரில் ஒரு விடுமுறை நாள். லஸ்ஹர் சவரம் செய்துகொண்டிருந்தான். தரை ஓட்டின் இடுக்கில் தண்ணீர் மின்னியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அறை முழுக்கப் பரவி, கணுக்கால் அளவு வந்து நின்றது. மெலிந்த ஏற்றம், ஆனால் கடல்தான், உப்பு வாசனை இருந்தது. சமையல்கட்டிலிருந்து ஷெத்லியா வந்து வாசலில் நின்றாள். முதலில் தண்ணீரைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். பெட்டி பரண் மேல் இருந்தது, இருவருக்கும் தெரியும்.

"நான் கூப்பிடலை" என்றாள். "சத்தியமா இந்தத் தடவை நான் கூப்பிடலை."

லஸ்ஹர் பாதி முகத்தில் சோப்போடு நின்றான். கால் விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தான்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றான்.

"நீங்களா?"

"போன வாரம் அந்தப் பக்கம் போனேன். சும்மா நின்னேன். வீடு ரொம்பக் காஞ்சு கிடக்கு, நேரம் கிடைச்சா எட்டிப் பார்த்துட்டுப் போன்னேன். பாயைத் தூக்கு, நனையப் போகுது."

இப்போது மலூஹாவிலிருந்து காபெஸுக்குப் போகும் காலைப் பேருந்து சில நாட்களில் பத்து நிமிடம் பிந்திப் புறப்படும். வெளியூர்க்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். லஸ்ஹர் கால்சட்டையை முழங்காலிலிருந்து இறக்கி விட்டுக்கொண்டே வந்து ஏறுவான். முன் இருக்கையில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் தஹ்பியா, "வீட்டுல ஏத்தமா?" என்று கேட்பாள். "ஏத்தம்" என்பான். அவள் கூடையை நகர்த்தி வைத்துக்கொள்வாள், வண்டி கிளம்பும்.